தண்ணி எந்தப் பக்கம் ஓடும், சார்?

அன்புள்ள சார்,

இந்தக் கடிதம் தபாலில் வந்திருக்க வேண்டியது. சேலையூரில் உங்கள் வீட்டைத் தேடிப் போனேன். ஓட்டு வீடும் வாசல் முருங்கையும் இருந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. காவலாளிக்கு உங்கள் பெயர் தெரியவில்லை. எதிர்ச்சாரியில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெரியவர்தான், "காக்கி டவுசர் போட்டுக்கிட்டு சைக்கிள்ல போவாரே, அந்த வாத்தியாரா? பையன்கூடப் போய்ட்டாருப்பா" என்றார். எந்த ஊருக்கு என்று அவருக்கும் தெரியாது. அதனால் ஊரறிய எழுதுகிறேன். உங்களிடம் படித்த எவனாவது இதைப் பார்த்து உங்கள் கையில் சேர்த்துவிடுவான்.

1988, எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு, நம் சாரணர் ட்ரூப்பில் மயில் அணி. காது கொஞ்சம் பெரிசு என்பதால், "யானை அணிக்குப் போக வேண்டியவன் தப்பி இங்க வந்துட்டான்" என்பீர்கள். அந்தப் பையன்தான் நான்.

எழுதத் தூண்டியது என் மகள். 2024 கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டினாள். மணப்பாறையில் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை. "அப்பா, பெருந்திரளணின்னா என்ன?" என்றாள். "ஜாம்போரிம்மா" என்றேன். "ஜாம்போரின்னா?" என்றாள். கையில் பேனாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் முதலில் நுழைந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. "அம்மா, அடுத்த வருஷம் ஜாம்போரிக்கு ஆள் எடுப்பாங்களாம்" என்று நான் ஓடிவந்து சொல்ல, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பூரிக்குப் போய் யாராவது ஜாம் தொட்டுப்பாங்களா? உங்க சாருக்குக் கிழங்கு செய்யத் தெரியாதா?" என்று கேட்டாள். மறுநாள் இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, சாக்கட்டியால் ஓர் ஏணி போட்டீர்கள்.

கீழ்ப்படியில் 'கேம்ப்'. நம் ட்ரூப் மட்டும் போய்த் தங்குவது. அதற்கு மேல் 'ரேலி'. மாவட்டத்து ட்ரூப்புகள் கூடி அணிவகுத்து, போட்டி நடத்தி, அன்றைக்கோ மறுநாளோ கலைவது. அதற்கு மேல் 'கேம்போரி'. பல ட்ரூப்புகள் சில நாள் சேர்ந்து கூடாரம் அடித்துத் தங்குவது. கேம்ப்பையும் ஜாம்போரியையும் ஒட்டுப்போட்டு அமெரிக்காக்காரன் செய்த சொல் என்றீர்கள். கொஞ்சம் சின்ன ஜாம்போரி என்றால் 'ஜாம்போரெட்'. உச்சியில் 'ஜாம்போரி'. பக்கவாட்டில் சில கிளைகளும் இருந்தன. சின்னப் பிள்ளைகளான குருளையருக்கும் நீலப்பறவையருக்கும் 'உத்ஸவ்', வயது வந்த திரிசாரணருக்கு 'மூட்' அல்லது 'சமாகம்', உடல் குறைபாடு உள்ள சாரணர்களுக்கு 'அகூனரி'. உட்கார்ந்த இடத்திலேயே ஹாம் ரேடியோவில் உலகத்துச் சாரணர்களோடு பேசுவதற்கும் ஒரு பெயர் உண்டு, 'ஜோட்டா'. 1958-லிருந்து நடக்கிறது. ஏணியை முடித்துவிட்டு, கையிலிருந்த சாக்குப் பொடியை டவுசரில் தட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பேரு நீள நீள சோறு லேட்டாகும்டா."

ஜாம்போரி என்ற சொல்லுக்கு வேர் எது என்று அகராதிக்காரர்களே தீர்த்துச் சொல்லவில்லை. அமெரிக்கக் கொச்சையில் கூத்தும் கும்மாளமுமான கூட்டத்தை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்து 1920-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் கூட்டிய முதல் உலகச் சாரணர் கூட்டத்துக்குச் சூட்டினார் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல். நம் ஊரில் இப்போது அது பெருந்திரளணி. மாவட்ட அளவில் கூடினால் திரளணி. நம் காலத்தில் இந்தச் சொற்கள் நம் வாயில் புழங்கவில்லை. எனக்கு இவற்றைப் பிடித்திருக்கிறது. ஜாம்போரி என்றால் பூரி ஞாபகம் வரும். திரளணி என்று சொல்லும்போதே கூட்டமும் வரிசையும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பெயர் வைப்பதில் தமிழ்ச் சாரணர் இயக்கத்துக்கு நல்ல காது இருந்திருக்கிறது. 'குருளை' தொல்காப்பிய மரபியலில் இருக்கும் சொல், விலங்கின் குட்டி. 'சாரணர்' சிலப்பதிகாரத்திலேயே வருகிறார்கள். மதுரைக்குப் போகும் வழியில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காணும் சமணத் துறவிகள் அவர்கள், ஓரிடத்தில் தங்காமல் திரிகிறவர்கள். ஒற்றனுக்கும் அதே சொல்லைச் சொல்வதுண்டு. திரிவது, வேவு பார்ப்பது என்ற இரண்டும் ஒரே சொல்லில் கிடைத்திருக்கிறது. நீங்கள் எங்களை அலையவிட்ட அலைச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

சார், நன்றி சொல்ல வேண்டியது ஏணியின் உச்சிக்கு இல்லை. உச்சிக்கு நான் போகவே இல்லை. ஜாம்போரிக்குப் போனவர்கள் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அதற்காக இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தேன், மூன்றாம் நாள் மறந்துவிட்டேன். நான் சொல்ல வந்தது கீழ்ப்படியைப் பற்றி. சான்றிதழ், பேட்ஜ், பத்திரிகைச் செய்தி எதுவும் இல்லாத அந்தக் கேம்ப்பைப் பற்றி.

ஆயுத பூஜை விடுமுறை. பல்லவன் பேருந்தில் வண்டலூர் வந்து, அங்கிருந்து கொளப்பாக்கம் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு நடந்தோம். நாலு அணி, அணிக்கு ஆறு பேர். தலைக்கு ஒரு ஆழாக்கு அரிசி, அரை ஆழாக்கு பருப்பு, ஐந்து ரூபாய். தோப்பை அடைந்ததும் யானை அணிக்காரர்கள் புல் அடர்ந்து மெத்தையாக இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு முளை அடிக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் விசில் ஊதி நிறுத்தினீர்கள். கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள். கூடாரம் வரப்போகிற இடத்தின் நடுவில் அதை மெதுவாகக் கவிழ்த்துவிட்டு, "எல்லாரும் குந்துங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்றீர்கள்.

இருபத்து நாலு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம். தண்ணீர் முதலில் எங்கேயும் போகவில்லை. ஒரு தட்டளவு பரந்து, விளிம்பில் மண்ணும் காய்ந்த மாவிலைச் சருகும் சேர்ந்து உதடு கட்டி நின்றது. அப்புறம் ஒரு மூலையில் உடைந்தது. ஒரு விரல் கனத்துக்கு நீண்டு, ஓர் எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு, யானை அணி பிடித்த புல் மெத்தைக்குள் போய் மறைந்தது. "பாத்தீங்களா? புல்லு பச்சையா இருக்கிற இடத்துல ஏன் பச்சையா இருக்கு? அங்கதான் தண்ணி நிக்குது. படுக்க வந்தீங்களா, நீந்த வந்தீங்களா?" என்றீர்கள். முளைகளைப் பிடுங்கி, பார்க்க அழகில்லாத, சரளைக்கல் கிடந்த மேட்டுக்குப் போனோம். அங்கேயும் விடவில்லை. கூடாரத்தின் மேட்டுப் பக்கம் பிறைநிலா மாதிரி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னீர்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. முனகிக்கொண்டே வெட்டினோம்.

சமையல் பகுதியில் இரண்டு குழி. காய்ந்த குப்பைக்கு ஒன்று, கழுநீருக்கு ஒன்று. கழுநீர்க் குழியின் வாயில் குச்சி பரப்பி, மேலே புல்லைப் போட்டு வடிகட்டி செய்தோம். எண்ணெய்ப் பிசுக்கு புல்லில் தங்கும், தண்ணீர் மட்டும் கீழே இறங்கும், சாயங்காலம் அந்தப் புல்லை எடுத்து எரித்துவிட்டுப் புதுப் புல் போட வேண்டும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை அதற்குப் பிறகு எந்த அடுக்ககத்திலும் நான் பார்க்கவில்லை. மூங்கில் கழிகளை க்ளோவ் ஹிட்ச் போட்டு, ஸ்கொயர் லேஷிங் கட்டித் தட்டு ஸ்டாண்டு செய்தோம். எங்கள் ஸ்டாண்டு சாம்பார்ச் சட்டியோடு சாய்ந்தது. மயில் அணி அன்று ரசம் சோறு.

கேம்ப் ஃபயரில் நீங்கள் பிரவுன்சி தீவுக் கதை சொன்னீர்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பூல் துறைமுகத்துத் தீவு ஒன்றில் பேடன் பவல் நடத்திய முதல் கேம்ப். இருபது சொச்சம் பையன்கள், நாலு அணி. ஓநாய், காளை, அண்டங்காக்கை, இன்னொன்று ஒரு நீர்ப்பறவை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில். ஆப்பிரிக்க மான் கொம்பை ஊதி அவர்களை எழுப்பினாராம். "அதுவும் நம்ம சைஸ் கேம்ப்புதான்டா. ஜாம்போரின்னு ஒரு பேரு அதுக்கு அப்ப வரல" என்றீர்கள்.

சென்னை அடையாறு கதையையும் அன்றே சொன்னீர்கள். நம் நாட்டில் சாரணர் இயக்கம் 1909-ல் வந்தபோது அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான். நம் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கினார்கள். 1916-ல் அன்னி பெசன்ட், அருண்டேலைத் துணைக்கு வைத்துக்கொண்டு சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அந்தச் சங்கம் பெரிய அமைப்போடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சாரணர் கிளைகள் ஒன்றாகி, 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் சாரணியர் ஆனது. நம் ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி நடந்த கதை இதில் இருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இரவு பதினோரு மணி இருக்கும், மழை பிடித்தது. ஐப்பசி மழை, சொல்லிவிட்டா வரும்? வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று திரும்பிப் போகும் சத்தம் கூடாரத்துக்குள் கேட்டது. எங்கள் ஜமுக்காளம் நனையவில்லை. புல் மெத்தை இருந்த இடம் விடிந்து பார்த்தபோது குட்டை. அதே இரவில் வண்டலூர் பூங்காவிலிருந்து சிங்கம் கத்தியது. பூங்கா திறந்து அப்போது மூன்றே வருஷம், அந்தச் சத்தம் யாருக்கும் பழகவில்லை. அந்தக் களேபரத்தில் உங்கள் அரிக்கேன் விளக்கின் கண்ணாடி உடைந்தது. காலையில் "யாருடா?" என்றீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. விளக்கு கிடந்தது கழுகு அணியின் கூடாரத்துக்கு முன்னால். ஆகவே கிளம்பும்போது எல்லாக் குழிகளையும் மூடும் வேலை கழுகு அணிக்குப் போனது.

திரும்பி நடக்கும்போது ஒரு பாலத்தில் நிறுத்தி நம் தாம்பரத்தின் நீரோட்டத்தைக் கையால் காற்றில் வரைந்தீர்கள். தண்டவாளத்துக்கு மேற்கே விழும் மழை பெரும்பாலும் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றுக்கு. கிழக்கே விழுவது சேலையூர், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. "தாம்பரத்துல நின்னு தும்மினா மூக்குச்சளி ரெண்டு பக்கமும் போகும்" என்றீர்கள். அசிங்கமான உவமைதான், ஆனால் மறக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2009 சித்திரை வெயிலில் நானும் என் மனைவியும் மனை பார்க்கப் போனோம். முடிச்சூர் தாண்டி ஒரு மனைப்பிரிவு. விலை எங்கள் கைக்கு எட்டியது. தரகர் குடை பிடித்துக் கூட்டிப் போனார். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எனக்கு ஏனோ உட்கார்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தேன். வெடிப்புக்குள் கடகடவென்று இறங்கிவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை. தரகர் சிரித்தார். ஆனால் உட்கார்ந்த உயரத்தில் மற்றவை தெரிந்தன. வெடிப்பின் விளிம்பில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். வேலியோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு. கோரைக் கிழங்கின் காய்ந்த முடிச்சுகள். மின்கம்பத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. ஒரு நிமிஷம் தட்டைக் காட்டிவிட்டு மூடி, இருபத்து நாலு பொருளையும் ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்வீர்களே, கிம் விளையாட்டு, அதுதான் கண்முன் ஓடியது. "வேண்டாம், போகலாம்" என்றேன். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் மேடான தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். சின்ன வீடு, இன்னும் ஒழுகுகிறது, அது மேலிருந்து.

2015 டிசம்பர் 1, 2. ஒரே நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரையை மறந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் நான் வேண்டாம் என்ற அதே மனைப்பிரிவில்தான் வீடு கட்டியிருந்தார். இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தார்கள், அவர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. அவரிடம் முன்பே நத்தை ஓட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, வீட்டு வாசற்படிக்கு வராமலே வடிந்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது கூடாரத்துக்கு வெளியே ஓடிய அந்த வாய்க்காலின் சத்தம்தான் கேட்டது. அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும், சார். பத்து வருஷம் தாமதம்.

பெரிய பெயர் வைத்துவிட்டால் தண்ணீர் கேட்டுக்கொள்வதில்லை. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் செமாங்கும் என்ற இடத்தில் 25-வது உலக ஜாம்போரி. கடலைத் தூர்த்து எடுத்த சமவெளி, மர நிழல் இல்லை. 43,000 பேர் வரை கூடினார்கள். கூடாரத் தளத்தில் தண்ணீர் தேங்கிக் குட்டையானது, மேலே கொளுத்தும் வெயில். மயங்கி விழுந்த பிள்ளைகள் ஏராளம். பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் பிள்ளைகளைப் பாதியில் கூட்டிப் போய்விட்டன. கடைசியில் புயல் எச்சரிக்கை வந்து மொத்த முகாமையும் காலி செய்தார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மனசுக்குள் ஒரு சொம்பு கவிழ்ந்தது. அவர்களிடம் இல்லாத பணமா, பொறியாளரா? தளத்தைத் தேர்ந்தெடுத்த நாளில் குத்துக்காலிட்டு உட்கார ஆள் இல்லை போலிருக்கிறது. இது என் கோபம். விசாரணை அறிக்கைகள் வேறு பல காரணங்களையும் அடுக்கும்.

மகளை மணப்பாறைக்கு அனுப்பினேன். சிப்காட் வளாகத்தில் ஏறத்தாழ 20,000 பிள்ளைகள், பல மாநிலங்களிலிருந்து, இலங்கை, மலேசியாவிலிருந்தும்கூட. ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை கூடாரம், கழியால் கட்டிய நுழைவாயில்கள், வண்ண ஸ்கார்ஃப்கள், எங்கே பார்த்தாலும் முறுக்குப் பொட்டலம். சாரணர் வழக்கப்படி இடக்கையால் கைகுலுக்கிக்கொண்டே போன ஒரு ராஜஸ்தான் பையன் எனக்கும் கை நீட்டினான். பழக்கத்தில் நான் வலக்கையை நீட்டிவிட்டேன், வெட்கமாகிவிட்டது. சோறு லேட்டாகத்தான் வந்தது, சார். உங்கள் ஏணிக் கணக்கு தப்பவில்லை.

கிளம்புவதற்கு முன்பே மகளிடம் சொம்புக் கதையைச் சொல்லி அனுப்பியிருந்தேன். முதல் நாள் இரவே போன் வந்தது. "அப்பா, நீங்க சொன்ன மாதிரி டென்ட் முன்னாடி தண்ணி ஊத்திப் பாத்தேன். தண்ணிய வேஸ்ட் பண்ணாதன்னு டீச்சர் திட்டிட்டாங்க" என்றாள். "எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்றேன். "அதுக்குள்ள கூப்பிட்டாங்க, பாக்கல" என்றாள்.

சார், கடைசியாக ஒன்று. அன்று இரவு மழையில் வாய்க்கால் வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து, உங்கள் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். குனிந்து வெளிச்சத்தைக் காட்டினேன். தண்ணீர் நீங்கள் சொன்ன பக்கமே ஓடியது. அந்த நேரம் பார்த்துத்தான் சிங்கம் கத்தியது. விளக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஜமுக்காளத்துக்குள் புகுந்துகொண்டேன். உடைத்தது நான். கழுகு அணித் தலைவனை எங்கேயாவது பார்த்தால் அவனிடமும் சொல்லிவிடுங்கள். அந்தக் குழிகளில் இரண்டு மயில் அணி வெட்டியவை, நல்ல ஆழம்.

என்றும் உங்கள் மாணவன்,
மயில் அணி, 1988
ராஜகீழ்ப்பாக்கம்